மேசைக்கு வைத்த மஞ்சள்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. நான்கு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப் போனது. ஆறு பேரும் இன்றைக்குத் தங்கள் காலில் நிற்கிறார்கள். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், ‘இத்தனை பேரை வளர்த்தவளுக்கு ஒரு கறை எடுக்கத் தெரியாதா?’ என்று நீங்கள் கேட்டுவிடக் கூடாது பாருங்கள்... அதற்காக.

எனக்குத் தெரியாத கறையா? நாவல் பழம், வாழைப்பட்டை, மாங்காய்ப் பால், குழந்தைகள் சட்டையில் கொட்டுகிற மருந்து... எல்லாம் பார்த்தாயிற்று. போன சனிக்கிழமை விழுந்த கறை மட்டும் எனக்குப் புதுசு. ஏனென்றால் அது துணியில் விழவில்லை. ரெசினில் விழுந்தது.

ரெசின் என்றால்?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் சின்ன மருமகள் கோமதியைத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். கண்ணமங்கலத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் மலைக்குக் கீழே ஷூ கம்பெனியில், தோலுக்குப் பசை தடவுகிற பிரிவில் வேலை பார்த்தவள். எங்கள் மலைக்கு வந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு வேலை கற்றுக்கொண்டாள். இரண்டு டப்பாவில் இரண்டு தண்ணீர். ஒன்று ரெசினாம், இன்னொன்று ஹார்ட்னராம். அளந்து கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நாளில் கெட்டியாகிறது, பல நாள் போனால் கல்லாகவே ஆகிவிடுகிறது. முதலில் சாவிக்கொத்தில் மாட்டுகிற வில்லை செய்தாள். அப்புறம் தட்டு. அப்புறம்தான் இந்த மேசை.

எங்கள் நிலத்தில் புயல் காற்றுக்குச் சாய்ந்த புளியமரம் ஒன்று பலகையாக அறுபட்டு, ஷெட்டில் காய்ந்துகொண்டு கிடந்தது. அதில் இரண்டு பலகையை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் இருந்த சந்தில் வெள்ளை ரெசினை ஊற்றினாள். இரண்டு மேட்டுக்கு நடுவில் பனி இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படியே இருந்தது. ‘இது இன்னா கண்ணாடியா, கல்லா?’ என்று நான் தடவித் தடவிப் பார்த்தேன். இரண்டும் இல்லையாம்.

வேலூரில் புது வீடு கட்டிய ஒரு டீச்சரம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போவதாகப் பேச்சு.

இதற்கு நடுவில் இன்னொரு பேச்சும் இருந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோமதி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “இந்த டேபிள அவங்க எடுத்துகினு போய்ட்டா நான் இங்கியே கீறேன் அத்தே. வேணான்னுட்டாங்கன்னா ஷெட்ட பூட்டிட்டு அம்மா வூட்டுக்குப் போயிடறேன். அங்கேர்ந்து கம்பெனி பஸ்ஸு கீது. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலையில் கோமதி மேசையைச் சுற்றிக் கட்டுவதற்கு அட்டையும் பபிள் ஷீட்டும் வாங்க ஜமுனாமரத்தூர் போனாள். அவள் புருஷன், என் மகன் முருகேசன், அதற்கு முந்தின நாளே சாமை மூட்டையோடு கலசப்பாக்கம் போயிருந்தான். வீட்டில் நானும் என் பேத்தி, கோமதியின் மகள் யாழினியும்தான். நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்தியை எழுதுகிறவளும் அவள்தான். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும். அதற்கு மேல் அவள் பாடு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். இந்த வீட்டை விட்டு வேறு வீட்டுக்கு எது போனாலும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விளக்கேற்றிக் காட்டித்தான் அனுப்புவோம். கன்றுக்குட்டியாக இருந்தாலும் சரி, ஆட்டுக்கல்லாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி. வெறுமனே எதுவும் படி தாண்டாது. ஏற்றின விளக்கையும் ஊதி அணைக்கிறதில்லை. எண்ணெய் தீர்ந்து தானாகக் குளிர வேண்டும்.

மேசை மட்டும் வெறுமனே போகலாமா? அதுவும் அவள் கை முதல் முதலாகச் செய்த பெரிய சாமான்?

மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வாசக்காலுக்குப் பூசுகிற மாதிரி, அந்த வெள்ளைப் பட்டையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தாராளமாகப் பூசினேன். நடுநடுவில் குங்குமம். மேசைக்கு முன்னால் தட்டு வைத்து விளக்கேற்றினேன். யாழினி போட்டோ எடுத்தாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மஞ்சள் காய்ந்து உதிர ஆரம்பித்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். மாவு வந்தது. நிறம் வரவில்லை.

பனி மஞ்சளாகிவிட்டது.

அப்போதுகூட எனக்குப் பதற்றம் இல்லை. மஞ்சள்தானே! துணி சோப்பை எடுத்துவந்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். நான் தேய்க்கத் தேய்க்க... மஞ்சள் சிவப்பாக மாறியது! ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு போட்டதும் தண்ணீர் சிவக்குமே, அதே சிவப்பு. இத்தனை வருஷம் ஆரத்தி கரைத்தவள், மஞ்சள் பட்ட சேலைக்குச் சோப்புப் போட்டால் சிவக்கும் என்று மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள்... அந்த நேரத்தில் கைதான் வேலை செய்தது, தலை வேலை செய்யவில்லை.

“ஆயா, டேபிளுக்கு அடிபட்ட மாதிரி கீது” என்றாள் யாழினி.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கோமதி உள்ளே வந்தாள். கையில் பபிள் ஷீட் சுருள்.

“இன்னா அத்தே இது?”

“மஞ்சளு.”

“மஞ்சளு மஞ்சளா இல்ல இருக்கணும்? இது ஏன் செவப்பா கீது?”

“சோப்பு போட்டேன்.”

அவள் அந்தச் சுருளைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்றுக் குமிழ்கள் பட் பட்டென்று வெடித்தன. சிரிக்கிற நேரமா அது? யாழினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஓடினவள் சும்மா இருக்கவில்லை, பக்கத்து வீட்டு ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழுமலை என் தங்கை மகன். பெயிண்டர். அவன் பார்க்காத கறை இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். கையில் ஒரு தின்னர் டப்பா.

“நவுருங்க பெரிம்மா. பெயிண்டே போவுது, மஞ்சளு போவாதா? ஊத்தி ஒரு தேய் தேய்ச்சா வெள்ளப் பால் மாதிரி ஆயிடும்.”

மூடியில் கை வைத்தான்.

“தொறக்காத!”

கோமதி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று கையை நீட்டினாள். அவள் விரல் டப்பாவைக் காட்டவில்லை. நான் ஏற்றி வைத்த விளக்கைக் காட்டியது.

“அத்தே, அத மொதல்ல அணைங்க.”

“அணைக்க மாட்டேன். தானா குளிரணும்.”

“அதுக்குள்ள நம்ம எல்லாரையும் குளிர வச்சிடும் அத்தே!”

“டப்பா இங்க கீது, வெளக்கு அந்தாண்ட கீது. இன்னா ஆவும்?” என்றேன். வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

“தின்னரு ஆவி மேல போவாது அத்தே, தரையோட தவழும். கண்ணுக்குத் தெரியாது. நாம டப்பாவப் பாத்துகினு இருப்போம், அது நடந்து போயி வெளக்காண்ட பத்திக்கினு, வந்த வழியே டப்பாவுக்குத் திரும்பி வரும். கம்பெனியில பசைக் கூடத்துல ஒருத்தரு பீடி பத்த வச்சாருன்னு அன்னிக்கே வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு இதத்தான் சொன்னாங்க.”

ஏழுமலை தன் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். கோமதி கையை நீட்டினாள். பீடிக்கட்டும் தீப்பெட்டியும் அவள் கைக்கு மாறின. “அம்மா தாயே, இது அப்பால வருமா?” என்றான்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த விளக்கை ஊதி அணைக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் என்னை வற்புறுத்த மனசில்லை. தட்டோடு விளக்கைத் தூக்கி, முற்றத்தைத் தாண்டி, வீட்டுக்குள் சாமி மாடத்தில் வைத்தேன். யாரும் அணைக்கவில்லை. ஆனால் ஷெட்டில் நெருப்பு இல்லை. விளக்குக்கு ஒரு மரியாதை என்றால் டப்பாவுக்கு இன்னொரு மரியாதை! ஷெட்டுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பையும் தண்ணீர் தெளித்துச் சாம்பலாக்கிவிட்டு வந்தேன். அது அவள் சொல்லி அல்ல. நானே யோசித்தது.

மூன்று பேரும் சேர்ந்து மேசையை ஷெட்டு வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலுக்கு நகர்த்தினோம். நாலு பக்கமும் காற்று வருகிற இடம். யாழினியை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று நிறுத்தினாள் கோமதி. நீலக் கையுறை மாட்டிக்கொண்டாள். எனக்கும் ஒரு ஜோடி தந்தாள். எழுபத்து மூன்று வயதில் முதல் முதலாகக் கையுறை! விரலுக்குச் சட்டை போட்டது மாதிரி இருந்தது.

“இப்பவாச்சும் ஊத்தலாமா?” என்றான் ஏழுமலை.

“டேபிள் மேல ஒரு சொட்டு வுழக்கூடாது.”

உள்ளே போய் ஒரு சின்னத் துண்டை எடுத்துவந்தாள். மேசையின் ஓரத்தை அறுத்தபோது விழுந்த மிச்சம். அதே ரெசின், அதே நாளில் ஊற்றியது. “அத்தே, டேபிளுக்கு இன்னா பண்ணீங்களோ அத அப்டியே இதுக்குப் பண்ணுங்க.”

மஞ்சள் பூசினேன். காயவிட்டேன். துடைத்தேன். சோப்புப் போட்டேன். சிவந்தது. ஒரு தப்பை வேண்டுமென்றே இன்னொரு தடவை, முறையாக, பொறுமையாகச் செய்து பார்த்திருக்கிறீர்களா? செய்து பாருங்கள். முதல் தடவை கண்ணில் படாததெல்லாம் இரண்டாம் தடவை படும்.

அந்தத் துண்டின் ஒரு பாதியில் தின்னர் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்தாள். எடுத்தபோது சிவப்பு போயிருந்தது... கூடவே பளபளப்பும் போயிருந்தது. மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி மங்கி, விரல் வைத்தால் லேசாகப் பிசுபிசுத்தது.

ஏழுமலை டப்பா மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினான்.

“கல்லு மாதிரி கெட்டியாத்தான கீது? அத எப்டி இது மெத்துன்னு ஆக்குது?” என்று கேட்டேன்.

“கரையாது அத்தே. இறுகிப் போனத எதுவும் திரும்பத் தண்ணியாக்க முடியாது. ஆனா தின்னரு, அசிட்டோன் மாதிரி கடுமையானது மேல நின்னுச்சுன்னா மேல்தோல ஊற வச்சிடும். நெயில் பாலிஷ் எடுக்கிறதும் அதே ஜாதிதான்.”

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சுண்ணாம்பு பட்டுச் சிவந்த மஞ்சளை எது திரும்ப மஞ்சளாக்கும்? புளிப்பு! சோப்பில் இருக்கிறதும் சுண்ணாம்பு மாதிரிக் காரம்தானே. புளியைக் கரைத்து, சக்கையில்லாமல் வடிகட்டி, துண்டின் மறுபாதியில் துடைத்தேன். சிவப்பு அப்படியே பின்வாங்கி மஞ்சளாகிவிட்டது. புளியமரத்து மேசைக்குப் புளிதான் முதல் வைத்தியம். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது திட்டு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“செரி, இந்த மஞ்சளுக்கு இன்னா? ப்ளீச்சிங் பவுடரு போட்டு, மேலயே ஷெட்டுல நீ வெச்சிருக்கிற ஸ்பிரிட்டையும் ஊத்தினா ரெண்டும் சேந்து இழுத்துடாதா?”

“அத்தே! கொழம்பா வைக்கிறோம், எல்லாத்தையும் ஒண்ணாப் போட? ப்ளீச்சிங்கோட ஸ்பிரிட்டு, தின்னரு எதுவும் சேரக்கூடாது. வெஷமாயிடும். ஒரு நேரத்துக்கு ஒண்ணு. அத சுத்தமாத் தொடச்சி, காய வச்சி, அப்பாலதான் அடுத்தது.”

அவள் எடுத்தது ஐ.பி.ஏ. என்று எழுதியிருந்த அந்த ஸ்பிரிட் பாட்டில். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் தேய்ப்பார்களே, அந்த வாசனை. அதுவும் நெருப்புக்கு ஆகாதுதான். ஆனால் தின்னர் அளவுக்கு மேல்தோலைக் கடிக்காதாம்.

“இன்னா கோமதி, கடைசியில சாராயத்துலதான் கழுவணுமா?” என்றான் ஏழுமலை.

“ஆமா மாமா. குடிக்கிற சாராயமில்ல. குடிச்சா நேரா மேலதான்.”

“நான் கேட்டனா?”

“மூஞ்சி கேட்டுச்சே!”

துண்டில் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சள் பஞ்சுக்கு வந்தது. மினுமினுப்பு மினுமினுப்பாகவே இருந்தது. அப்போதும் அவள் மேசைக்கு மேலே கை வைக்கவில்லை. கீழே குனிந்து, யார் கண்ணுக்கும் தெரியாத அடிப்பக்கத்தில் ஓர் இடம் தேய்த்து, காய்ந்த பிறகு விரல் வைத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் மேலே வந்தாள். அதற்குள் நான் மேல்பக்கத்துச் சிவப்பைப் புளித்தண்ணீரால் மஞ்சளாக்கி, துடைத்துக் காயவைத்திருந்தேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. தண்ணீரில் வராத மஞ்சள் இதில் மட்டும் ஏன் வருகிறது? கேட்டேன். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரைவதே இல்லையாம். நாம் தண்ணீரில் கரைப்பதாக நினைப்பது மாவைத்தானாம். நிறம் எண்ணெயில் கரையும், ஸ்பிரிட்டில் கரையும். அடடா... தாளிக்கும்போது மஞ்சள்தூளை எண்ணெயில் போட்டால் எண்ணெயே நிறம் மாறுகிறதே! தினமும் கண் முன்னால் நடக்கிறது. ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கிறேனா?

வெள்ளை வேட்டியைக் கிழித்துத் துணியாக்கினோம். வெள்ளைத் துணியில்தான் எவ்வளவு நிறம் வருகிறது என்று தெரியும். நேராக மேசையில் ஊற்றுவதில்லை, துணியில்தான் நனைப்பது. சொட்டக் கூடாது. கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பரவும். ஒரு முறை துடைத்ததும் துணியை மடித்துப் புதுப் பக்கம். அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேங்காய் நார், ஸ்டீல் நார்... பேச்சே கூடாது, கீறிவிடும். கொஞ்சம் தலை கனத்தால் உடனே எழுந்து தள்ளிப் போய்க் காற்று வாங்க வேண்டும். நான் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை நிஜமாகவே தலை கனத்தது. இன்னொரு தடவை இடுப்பு.

அழுக்குத் துணியெல்லாம் சேர்ந்ததும் அள்ளிக்கொண்டு நடந்தேன்.

“எங்க அத்தே?”

“அடுப்பாண்ட. நாளைக்கு வெந்நீர் அடுப்பு பத்த வைக்க ஆவுமே.”

நான் பழைய துணி எதையும் வீணாக்கமாட்டேன். ஆனால் கோமதி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். ஸ்பிரிட் குடித்த துணி அடுப்பில் போனால் அது விறகு பற்ற வைக்காது, முகத்தைப் பற்ற வைக்குமாம். தனித்தனியாக விரித்து, வீட்டை விட்டுத் தள்ளி வேலியில் போட்டாள். ஈரம் முழுவதும் காற்றில் போன பிறகுதான் குப்பைக்கு.

பொழுது சாய்கிற நேரத்தில் மேசை வெள்ளையாகிவிட்டது. கிட்டத்தட்ட. மரமும் ரெசினும் ஒட்டுகிற விளிம்பில் மட்டும், மயிரிழை மாதிரி ஒரு மஞ்சள் நிழல். எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை.

“அவங்களுக்குத் தெரியாதும்மா” என்றான் ஏழுமலை.

“எனக்குத் தெரியுதே மாமா.”

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இவ்வளவு நேரம் ஒரு சொட்டுக்குக் காவல் இருந்தவள், ‘அந்த ஓரத்துக்கு மட்டும் லேசா...’ என்று சொல்லிக்கொண்டே தின்னர் டப்பாவை எடுத்தாள்.

மனுஷனுக்கு எப்போது கை தவறுகிறது? ஒன்றுமே முடியாதபோது இல்லை. கிட்டத்தட்ட முடிந்தபோதுதான்.

மங்கிப்போன அந்தத் துண்டை எடுத்து அவள் கண் முன்னால் நீட்டினேன். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். “கம்பெனி பஸ்ஸு இன்னும் அதே நேரத்துக்குத்தான் வருதான்னு எங்கம்மாவ கேக்கணும்” என்றாள். யாழினி தூரத்திலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏம்மா கோமதி... மஞ்சள் பட்ட சேலைய நாம இன்னா பண்ணுவோம்?”

“தொவைச்சு வெய்யில்ல...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

மஞ்சளுக்கு வெயில் ஆகாது. கொடியில் நல்ல வெயிலில் கிடந்தால் தானாக வெளுத்துப் போகும். இந்த மலையில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ரெசினுக்கும் வெயில் ஆகாதாமே? அவளிடமே கேட்டேன்.

“மாசக்கணக்கா வெய்யில்ல போட்டா ரெசினே மஞ்சளாயிடும். ஒரு காலை வெய்யிலுக்கு ஒண்ணும் ஆவாது அத்தே. காலையில அவங்க வர்ற வரைக்கும் வெச்சிப் பாக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. எழுந்து பார்த்தால்... வெயிலா? எதிர் வீடு தெரியாத பனி! இரண்டு பலகைக்கு நடுவில் அழகாக இருந்த அதே பனி, அன்றைக்கு எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது. மேசையை வாசலில் போட்டுவிட்டு மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோமதி பல் தேய்க்கவில்லை. டீ ஆறிப்போனது. டீச்சரம்மா போன் செய்தார்கள், மலையேறிக்கொண்டிருக்கிறார்களாம். பனியால் வண்டி மெதுவாக வருகிறதாம்.

“மெதுவாவே வாங்க மேடம். அவசரமே இல்ல” என்றாள் கோமதி. அதைவிட மனசாரச் சொன்ன வார்த்தை ஒன்றை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஒரு வழியாக வெயில் வந்தது. வந்ததும் சுள்ளென்று வந்தது. நான் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் மாறுவது தெரியாது. ஒரு நடை உள்ளே போய் வந்து பார்த்தேன். வெளிறியிருந்தது. இன்னொரு நடை போய் வந்தேன். எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. யாழினியைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அவளுக்கும் தெரியவில்லை. சின்னக் கண்ணுக்கே தெரியவில்லையே!

ஹாரன் சத்தம் கேட்டது.

டீச்சரம்மாவும், அவர்களுடைய அம்மாவும், ஒரு மினி லாரியும். டீச்சரம்மா மேசையைச் சுற்றி வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். அந்த வெள்ளையின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்கள். நான் மஞ்சள் பூசின அதே பாதை.

“போட்டோல பாத்தத விட நல்லா இருக்குங்க” என்றார்கள்.

கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவள் தோள்பட்டை இறங்கியது எனக்குத் தெரிந்தது. பஸ் போயே போய்விட்டது!

டிரைவரும் ஏழுமலையும் மேசையைத் தூக்கக் கை வைத்தார்கள்.

“இருங்க, இருங்க!” என்றார்கள் டீச்சரம்மாவின் அம்மா. என் வயதுதான் இருக்கும். இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்கள். “புதுச் சாமானு... வெறுமனே வண்டி ஏத்தறதா?” மூடியைத் திறந்தார்கள்.

குழைத்த மஞ்சள்!

இரண்டு விரலில் தொட்டு, கையை மேசைக்கு நேராக நீட்டினார்கள்.

“அம்மா!” என்று கோமதி அலறினாள். ஆனால் அந்தக் கையைப் பிடித்தது நான். நேற்று ஒருத்தி என் கையை இப்படிப் பிடித்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்! அந்த அம்மாளும் அப்படித்தான் முகம் சிவந்து பார்த்தார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா” என்றேன். “இது ஜாதி வேற. இதுக்குப் பொட்டு கீழதான் வைக்கணும். அடியில, மரத்துல. ரெசின்ல படக்கூடாது.”

“இது இன்னாங்க புது மொறையா கீது?”

“ஆமாங்க. நேத்திலேர்ந்து.”

அவர்கள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார்கள். நானும் குனிந்தேன். இரண்டு கிழவிகள், ஒரு மேசைக்கு அடியில், முட்டிக்கால் போட்டு... வெளியே கோமதி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் மரத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். பக்கத்தில் நான் ஒன்று வைத்தேன். குனிந்தது சுலபம். எழுந்திருக்கத்தான் ஏழுமலையும் டிரைவரும் வேண்டியிருந்தது.

வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் நின்று பார்த்தோம். அன்று மத்தியானமே கோமதி அடுத்த பலகையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். ஷெட்டு வாசலில் இப்போது ஒரு கோடு போட்டிருக்கிறாள். அந்தக் கோட்டுக்கு உள்ளே விளக்கு, பீடி, சூடம் எதுவும் போகக் கூடாது. கோட்டுக்கு வெளியே நான் விளக்கேற்ற ஒரு கல் போட்டுத் தந்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் மஞ்சள் வைத்தது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வைத்த இடம்தான் தப்பு. ஆனால் கோமதி கெட்டிக்காரி. ஆறு பேரை வளர்த்தவள் சொல்கிறேன், அவளை மாதிரி நிதானமான கை ஆறு பேரில் ஒருத்தருக்கும் இல்லை. இதை அவளிடம் நேராகச் சொல்லமாட்டேன். சொன்னால் தலைகால் புரியாது.

யாழினி, எழுதினது போதும். முதல் வரியிலேர்ந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு. கெட்டிக்காரின்னு வர்ற எடத்த மட்டும் நல்லா சத்தமாப் படி... உங்கம்மா ஷெட்டுலதான் கீறா.